வெயிலுக்கு நூறு, ஏசிக்கு இருபத்து நான்கு

கத்திரி வெயில் தொடங்கியிருந்த ஒரு பிற்பகலில், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வசிக்கும் அக்கா வீடியோ அழைப்பில் வந்தாள். அவள் மடியில் மூன்று வயது மகள் துவண்டு கிடந்தாள்.

"அம்மா, பாப்பாவுக்கு ராத்திரியிலேர்ந்து ஜுரம். இப்பதான் பாத்தேன், முப்பத்தொம்பது இருக்கு."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "முப்பத்தொம்பதா? அது என்னடி கணக்கு? நூறா, நூத்தி ஒண்ணா, அதைச் சொல்லு."

"இங்க தெர்மாமீட்டர்ல அப்படித்தாம்மா வரும். எல்லாம் செல்சியஸ்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். மனக்கணக்காகப் போட்டுப் பார்த்து, "நூத்தி ரெண்டும்மா" என்றேன். அவள் முகம் அப்போதுதான் மாறியது. "நூத்தி ரெண்டா! டாக்டர்ட்ட பேசினியா? தண்ணி குடிக்கிறாளா?" என்று கேள்விகள் வரிசையாக வந்தன. முப்பத்தொன்பது என்று கேட்டபோது அசையாதவள், நூற்றிரண்டு என்றதும் பதறிவிட்டாள். குழந்தையின் உடம்புச் சூடு இரண்டு முறையும் ஒன்றுதான்.

அன்று காலை நாளிதழில் "வேலூரில் வெயில் 104 டிகிரி" என்று படித்திருந்தோம். என் கைபேசி அதே வேலூருக்கு 40 என்று காட்டியது. நாங்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஏசி 24-இல் ஓடிக்கொண்டிருந்தது. மருந்துப் பெட்டியில் இருக்கும் எங்கள் தெர்மாமீட்டரோ 94-இல் தொடங்கி 108-இல் முடியும். ஒரே வீட்டுக்குள் வெயிலும் காய்ச்சலும் பாரன்ஹீட்டில். ஏசியும் கைபேசியும் செல்சியஸில். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் இரண்டு அளவுகளோடும் சிக்கலின்றி வாழ்ந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கும்போதுதான் நாம் தடுமாறுகிறோம்.

அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்க ஒரு சூத்திரத்தைப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிட்டார்கள். ஆனால் சூத்திரத்துக்குப் பின்னால் இரண்டு எளிய கேள்விகள் இருக்கின்றன. பூஜ்யத்தை எங்கே வைத்தார்கள்? ஒரு படியை எவ்வளவு பெரிதாக வெட்டினார்கள்? வெப்பநிலையைப் பற்றி நமக்கு வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் கரைந்துவிடும். இந்தக் கேள்விகளுக்கு இருவர் இரண்டு விடை சொன்ன கதையிலிருந்து தொடங்கலாம்.

டான்சிக்கிலிருந்து வந்த அனாதை

டேனியல் கேப்ரியல் பாரன்ஹீட் 1686-இல் பால்டிக் கடலோரத்துத் துறைமுக நகரமான டான்சிக்கில் பிறந்தார். இன்று போலந்தில் கதான்ஸ்க் என்று அழைக்கப்படும் ஊர் அது. 1701 ஆகஸ்டில், விஷக் காளான் சாப்பிட்டதால் அவருடைய தாயும் தந்தையும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். பதினைந்து வயதுப் பையனை வணிகம் பழக ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். அவருடைய மனமோ கண்ணாடிக் குழாய்களிலும் அளவுக் கருவிகளிலும் போய் ஒட்டிக்கொண்டது.

அக்காலத்தில் வெப்பமானிகள் இல்லாமல் இல்லை. ஒன்று காட்டியதை இன்னொன்று காட்டாது என்பதுதான் பிரச்சினை. கருவி செய்த ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் கோடு போட்டார்கள். ஓர் ஊரின் குளிரை இன்னோர் ஊரின் குளிரோடு ஒப்பிட வழியில்லை. நம் சந்தைகளில் ஊருக்கு ஒரு படி, ஊருக்கு ஒரு மரக்கால் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டால் அந்தச் சிரமம் புரியும்.

1708-இல் பாரன்ஹீட் கோபன்ஹேகனுக்குப் போய் ஓலே ரோமரைச் சந்தித்தார். ஒளி ஒரு நொடியில் எங்கும் பரவிவிடுவதில்லை, அதற்கும் ஒரு வேகம் உண்டு என்று 1676-இல் காட்டிய வானியலாளர் ரோமர். அவரிடம் ஒரு வெப்ப அளவும் இருந்தது. அதில் பனிக்கட்டி உருகும் நிலை ஏழரை, மனித உடல் சூடு இருபத்திரண்டரை. பாரன்ஹீட் அந்த அளவை எடுத்துக்கொண்டார். ஆனால் இந்த 'அரை'கள் அவரை உறுத்தின. ஒவ்வொரு டிகிரியையும் நான்காகப் பிரித்தால் ஏழரை முப்பதாகும், இருபத்திரண்டரை தொண்ணூறாகும். பிறகு இன்னும் சற்றுத் திருத்தி, பனிக்கட்டிக்கு 32 என்றும் உடலுக்கு 96 என்றும் நிறுத்தினார்.

இந்த எண்கள் பார்ப்பதற்கு விசித்திரமானவை. கருவி செய்யும் கையோடு யோசித்தால் விசித்திரம் மறைந்துவிடும். 32-க்கும் 96-க்கும் இடையே 64 படிகள். 64-ஐப் பாதியாக்கினால் 32, பிறகு 16, 8, 4, 2, 1. இரண்டு குறிகளுக்கு இடையிலான தூரத்தை ஆறு முறை பாதி பாதியாகப் பிரித்தால் போதும், ஒவ்வொரு டிகிரிக்கும் கோடு கிடைத்துவிடும். பூஜ்யத்திலிருந்து 32 வரை ஐந்து முறை. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதியைப் பாதியாக்கிக் கணக்குப் போட்ட நம் முன்னோருக்கு இந்த அளவுகோல் கையில் எடுத்தவுடன் பிடித்திருக்கும்.

1714 வாக்கில் அவர் குழாயில் பாதரசத்தை நிரப்பத் தொடங்கினார். அதுவரை பெரும்பாலும் சாராயம்தான் பயன்பட்டது. சாராயம் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்; அதைக்கொண்டு கொதிநீரை அளக்க முடியாது. பாதரசம் கொதிக்க 357 டிகிரி வேண்டும். அது கண்ணாடியில் ஒட்டாது, சூட்டுக்கு ஏற்பச் சீராக விரியும். அதே 1714-இல் பாரன்ஹீட் செய்து கொடுத்த இரண்டு வெப்பமானிகள் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்திப்போனதைக் கண்டு, ஹாலே நகரப் பேராசிரியர் கிறிஸ்டியன் வொல்ஃப் வியந்து எழுதினார். இரண்டு கருவிகள் ஒரே எண்ணைச் சொல்வது அந்நாளில் அப்படியொரு அதிசயம்!

1724-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் பாரன்ஹீட் தம் முறையை வெளியிட்டார். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றும் கலந்த கலவையின் கடுங்குளிர் 0. பனிக்கட்டியும் தண்ணீரும் மட்டும் கலந்தால் 32. ஆரோக்கியமான மனிதரின் வாயிலோ அக்குளிலோ வைத்தால் 96. அதே ஆண்டு அவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1736-இல், ஐம்பதாவது வயதில், தி ஹேக் நகரில் இறந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் உடல் சூட்டை விட்டுவிட்டு, பனிக்கட்டி உருகும் 32-ஐயும் தண்ணீர் கொதிக்கும் 212-ஐயும் அளவுகோலின் இரு நிலையான முனைகளாக வைத்தார்கள். இடையே சரியாக 180 படிகள். இந்தத் திருத்தத்தில் உடலின் எண் 96-லிருந்து சற்று மேலே நகர்ந்துவிட்டது.

தலைகீழாக நின்ற அளவுகோல்

பாரன்ஹீட் இறந்த அதே 1736-இல், சுவீடனின் உப்சாலா நகர வானியல் பேராசிரியர் ஆண்டர்ஸ் செல்சியஸ் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய லாப்லாந்துக்குப் பயணம் போனார். பிரெஞ்சு அறிஞர் மொபெர்துயி தலைமையில் சென்ற அந்தக் குழு, பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதை அளந்து உறுதிசெய்து திரும்பியது.

பூமியை அளந்த அதே பொறுமையோடு செல்சியஸ் பனிக்கட்டியையும் கொதிநீரையும் அளந்தார். பனிக்கட்டி உருகும் வெப்பநிலை ஊருக்கு ஊர் மாறுவதில்லை என்று கண்டார். ஆனால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்து ஏறி இறங்கியது. இந்த உண்மையை ஊட்டியில் சமைப்பவர்கள் தினமும் அனுபவிக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் அங்கே ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கும், அரிசி வேக நேரமாகும். குக்கரை மூடி அழுத்தத்தை ஏற்றினால்தான் சூடு ஏறும். ஆகவே கொதிநிலையை அளவுகோலின் முனையாக வைக்கவேண்டுமானால் எந்தக் காற்றழுத்தத்தில் என்று சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்பதைச் செல்சியஸ் தெளிவாக வகுத்தார்.

1742-இல் அவர் முன்வைத்த அளவில் நூறு படிகள் இருந்தன. இன்று படிப்பவர்களைத் திடுக்கிட வைப்பது அதன் திசை. தண்ணீர் கொதிப்பது 0, பனிக்கட்டி உருகுவது 100! சூடு ஏற ஏற எண் குறையும். இரண்டே ஆண்டுகளில், 42 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோனது. அவர் மறைந்த பின் உப்சாலாவிலேயே அளவுகோல் இன்றைய திசைக்குத் திருப்பப்பட்டது. தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய கார்ல் லின்னேயஸ் தம் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் திருப்பிய அளவையே பயன்படுத்தினார். பிரான்சின் லியோன் நகரில் ஜான் பியர் கிறிஸ்டினும் 1743-இல் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். நெடுங்காலம் 'சென்டிகிரேடு' என்றே வழங்கிய இந்த அளவுக்கு, 1948-இல் கூடிய எடைகள், அளவுகளுக்கான பன்னாட்டு மாநாடு 'செல்சியஸ்' என்று பெயரிட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றும் சென்டிகிரேடு என்று சொல்வது அந்தப் பழைய பாடத்தின் எச்சம்.

வாய்பாட்டுக்குள் ஒரு விருந்து

இப்போது நம் இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்ப்போம். பனிக்கட்டியிலிருந்து கொதிநீர் வரையிலான அதே ஏற்றத்தைப் பாரன்ஹீட் 180 படிகளாகவும் செல்சியஸ் 100 படிகளாகவும் வெட்டுகின்றன. 180-க்கு 100 என்பது 9-க்கு 5. செல்சியஸில் ஐந்து படி ஏறுகிறவர் பாரன்ஹீட்டில் ஒன்பது படி ஏறியிருப்பார். படியின் அளவு பற்றிய விடை அவ்வளவுதான். பூஜ்யத்தின் இடம் பற்றிய விடை 32. செல்சியஸ் 0 என்று தொடங்கும் இடத்தில் பாரன்ஹீட் ஏற்கெனவே 32 படி ஏறி நிற்கிறது.

ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, 32-ஐக் கூட்டவேண்டும் என்று பள்ளியில் படித்தோம். மனக்கணக்குக்கு அதைவிட இதமான வழி ஒன்று உண்டு. ஒன்பதை ஐந்தால் வகுத்தால் 1.8. இரண்டில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் அதே 1.8. ஆகவே செல்சியஸ் எண்ணை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32-ஐக் கூட்டுங்கள். அக்கா சொன்ன 39-ஐ எடுத்துக்கொள்வோம். இரட்டித்தால் 78. பத்தில் ஒரு பங்கு 7.8, கழித்தால் 70.2. முப்பத்திரண்டைக் கூட்டினால் 102.2. இது உத்தேசக் கணக்கு இல்லை, துல்லியமான விடை. ஏசியின் 24-ஐ மாற்றினால் 48, பிறகு 43.2, பிறகு 75.2.

திரும்பி வரும் வழி இன்னும் அழகு. வேலூரின் 104-இலிருந்து 32-ஐக் கழித்தால் 72. அதில் பாதி 36. அதனோடு அதன் பத்தில் ஒரு பங்கான 3.6-ஐக் கூட்டினால் 39.6. வெயிலைப் பற்றிப் பேச இதுவே போதும். ஆனால் அங்கே நிற்காமல், கூட்டியதில் மறுபடி பத்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கள். 39.96 வரும். மறுபடி கூட்டினால் 39.996. எத்தனை முறை கூட்டினாலும் நாற்பதை மேலும் மேலும் நெருங்குமே தவிர அதைத் தாண்டாது. ஐந்தை ஒன்பதால் வகுப்பது என்பது பாதியை எடுத்து 1.1111… என்று முடிவில்லாமல் நீளும் எண்ணால் பெருக்குவதுதான். அந்த ஒவ்வொரு ஒன்றும் நாம் கூட்டிய ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு. கணிதப் புத்தகத்தில் முடிவிலித் தொடர் என்ற பெயரில் பயமுறுத்துகிற ஒன்று, நாளிதழின் வெயில் செய்திக்குள் இப்படி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

கணக்கே வேண்டாம் என்பவர்கள் ஐந்து ஐந்தாக ஏறும் இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

0 – 32
5 – 41
10 – 50
15 – 59
20 – 68
25 – 77
30 – 86
35 – 95
40 – 104
45 – 113

வலப்பக்கத்து எண்களின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 32-இல் மூன்றும் இரண்டும் ஐந்து. 41-இல் ஐந்து. 50-இல் ஐந்து. 59-இல் பதினான்கு, அதன் ஒன்றும் நான்கும் சேர்ந்தால் ஐந்து. 77, 86, 95 மூன்றிலும் அப்படியே. 104-இல் ஐந்து, 113-இல் ஐந்து. தண்ணீர் கொதிக்கும் 212-இலும் ஐந்து! ஒன்பதாம் வாய்பாட்டின் எண்களுடைய இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் ஒன்பதே வரும் என்பது குழந்தைகளுக்குத் தெரிந்த வேடிக்கை. இங்கே ஒவ்வொரு வரியிலும் ஒன்பதுதான் கூடுகிறது. ஆகவே 32 கொண்டுவந்த அந்த ஐந்து கடைசிவரை அழியாமல் கூடவே வருகிறது. பட்டியலை நினைவிலிருந்து எழுதும்போது ஓர் எண் ஐந்தில் வந்து முடியவில்லையென்றால் அது தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

பட்டியலைக் கீழ்ப்பக்கமாக நீட்டினால் -10-க்கு 14, -20-க்கு -4, -30-க்கு -22, -40-க்கு -40. அந்த ஒரே இடத்தில் இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. அங்கே மட்டும் எந்த அளவு என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பாரன்ஹீட்டின் பாதரசம் -38.8 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும் என்பதால், அவருடைய கருவியால் மட்டும் அந்தச் சந்திப்பைக் காட்ட முடியாது.

இந்தச் சந்திப்பிலிருந்து இன்னொரு மாற்று வழியும் பிறக்கிறது. எந்தப் பக்கம் போவதானாலும் முதலில் 40-ஐக் கூட்டுங்கள். பாரன்ஹீட்டுக்குப் போவதானால் 1.8-ஆல் பெருக்குங்கள், செல்சியஸுக்கு வருவதானால் 1.8-ஆல் வகுங்கள். கடைசியில் 40-ஐக் கழித்துவிடுங்கள். 40-ஐக் கூட்டும்போது இரண்டு அளவுகளின் பூஜ்யங்களையும் அவை சந்திக்கும் புள்ளிக்கே கொண்டுபோய்விடுகிறோம். பூஜ்யங்கள் ஒன்றானபின் படியின் வேறுபாடு மட்டும்தான் மிஞ்சும்.

98.6 என்ற பொய்த் துல்லியம்

எங்கள் தெர்மாமீட்டரில் 98.6-இல் ஒரு சிவப்பு அம்புக்குறி உண்டு. சிறுவயதில் அதைப் பார்த்து, மனித உடம்பின் சூட்டை யாரோ பத்தில் ஒரு டிகிரி வரை நுட்பமாக அளந்திருக்கிறார்கள் என்று நம்பினேன். அந்தப் புள்ளி ஆறு வந்த கதை வேறு.

அக்கா இருக்கும் அதே லைப்சிக் நகரில், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்ல் வுண்டர்லிஷ் என்ற மருத்துவப் பேராசிரியர் பணிபுரிந்தார். ஏறத்தாழ ஓரடி நீளமிருந்த வெப்பமானியை நோயாளியின் அக்குளில் பதினைந்து இருபது நிமிடங்கள் வைத்துப் பார்க்கவேண்டிய காலம் அது. சுமார் 25,000 நோயாளிகளிடம் திரும்பத் திரும்ப அளந்து, 1868-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். காய்ச்சல் என்பதே ஒரு தனி நோய் என்று கருதப்பட்டதை மாற்றி, அது பல நோய்களின் அறிகுறி என்று மருத்துவர்களுக்குக் காட்டியதில் அந்த நூலுக்குப் பெரும் பங்குண்டு. ஆரோக்கியமான உடலின் சராசரி 37 டிகிரி செல்சியஸ் என்றார். முழு எண்ணாகச் சொல்லப்பட்ட அந்த 37-ஐப் பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. அந்தத் தசமப் புள்ளி உடம்பிலிருந்து வரவில்லை, பெருக்கல் கணக்கிலிருந்து வந்தது.

மருத்துவர்கள் காய்ச்சலின் எல்லையாகச் சொல்லும் 100.4-உம் அப்படித்தான். அது செல்சியஸின் முழு எண்ணான 38. நூறு புள்ளி நான்கில் உடம்புக்குள் ஒரு மணியும் அடிப்பதில்லை. 1992-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 148 பேரை அளந்து பார்த்த ஆய்வு சராசரி 98.2 என்றது. அதிலும் காலையில் குறைவு, மாலையில் அதிகம். ஆளுக்கு ஆள் வேறுபாடு. ஆகவே மாலையில் 99 என்று காட்டினால் கலங்கவேண்டியதில்லை. அளவு மாறும்போது ஒட்டிக்கொள்ளும் தசமங்களை அளவீட்டின் நுட்பம் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு அந்தச் சிவப்பு அம்புக்குறியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டு டிகிரி கூடினால்

படியையும் பூஜ்யத்தையும் பிரித்துப் பார்க்காவிட்டால் வரும் பெரிய தவறு ஒன்று உண்டு. "இயல்பைவிட வெப்பம் 2 டிகிரி செல்சியஸ் அதிகரிக்கும்" என்று வானிலை அறிக்கை சொல்கிறது. பாரன்ஹீட்டில் எவ்வளவு? மாற்றும் செயலியில் 2 என்று தட்டினால் 35.6 என்று விடை வரும். வெயில் முப்பத்தைந்து டிகிரி கூடினால் ஊர் தாங்குமா? சரியான விடை 3.6. இங்கே கேட்கப்படுவது எத்தனை படி ஏறினோம் என்பது மட்டுமே. எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்ற 32-க்கு இதில் வேலையே இல்லை. புவி வெப்பத்தைப் பற்றி 2015 பாரிஸ் ஒப்பந்தம் பேசும் 1.5 டிகிரியும் இப்படி ஒரு ஏற்றம்தான். பாரன்ஹீட்டில் அது 2.7.

இன்னொரு தவறு பேச்சுவழக்கில் வருகிறது. நேற்று 20, இன்று 40 என்றால் சூடு இருமடங்கு என்று சொல்லிவிடுகிறோம். அதே இரு நாட்களைப் பாரன்ஹீட்டில் பாருங்கள்: 68, 104. ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் வருகிறது. அளவுகோலை மாற்றினால் மடங்கு மாறுகிறது என்றால், அந்த மடங்குக்குப் பொருளில்லை. இரண்டு பூஜ்யங்களும் மனிதர்கள் வசதிக்காக வைத்தவை. பூஜ்ய டிகிரியிலும் பொருள்களில் வெப்பம் இருக்கவே செய்கிறது. இயற்கை வைத்த உண்மையான அடித்தளம் ஒன்று உண்டு. அது -273.15 செல்சியஸ், பாரன்ஹீட்டில் -459.67. அங்கிருந்து எண்ணும் கெல்வின் அளவில் 20 டிகிரி என்பது 293, 40 டிகிரி என்பது 313. ஏழு சதவீதம்கூட ஏறவில்லை. ஊட்டியின் இதமான காலைக்கும் வேலூரின் பொசுக்கும் மதியத்துக்கும் உள்ள தூரம், பிரபஞ்சத்தின் கணக்கில் அவ்வளவுதான். அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் நம் உடம்பு வாழ்ந்தாக வேண்டியிருக்கிறது.

சதம் எதைச் சொல்கிறது

அதிகாரபூர்வமாக இந்திய வானிலை ஆய்வுத் துறை செல்சியஸில்தான் பேசுகிறது. நம் நாளிதழ்கள் மட்டும் கோடைக்குப் பாரன்ஹீட்டை விடவில்லை. காரணம் நமக்குத் தெரிந்ததே. செல்சியஸில் 'வெயில் சதமடித்தது' என்ற செய்தியே வராது, நூறு பாரன்ஹீட்டுக்குச் சமமான 37.8-ஐத் தலைப்பாகப் போட்டால் யார் மனதில் நிற்கும்? கிரிக்கெட் பார்க்கும் ஊரில் நூறு என்ற எண்ணுக்கு ஒரு தனிக் கனம் உண்டு.

அந்த நூறு வெறும் எண் மயக்கமும் இல்லை. பாரன்ஹீட் தம் அளவின் ஒரு முனையை மனித உடலில் நட்டவர். அதனால் நூறு என்பது இன்றும் உடல் சூட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி செல்சியஸ், அதாவது 95 பாரன்ஹீட். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடம்பு தன் சூட்டைக் காற்றிடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். காற்றின் சூடு அதைத் தாண்டிவிட்டால் போக்கு திரும்பிவிடுகிறது. காற்றே உடம்புக்குச் சூட்டை ஏற்றுகிறது. மின்விசிறி அனலை வீசுவதுபோலத் தோன்றுவது அப்போதுதான். மிஞ்சியிருக்கும் ஒரே தற்காப்பு வியர்வை. அது ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும்.

ஆனால் வியர்வை ஆவியாக வேண்டுமானால் காற்றில் இடம் வேண்டும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். வேலூரின் வறண்ட 104-ஐவிடச் சென்னையின் புழுக்கமான 99 சில நாட்களில் உடம்பை அதிகம் வருத்துவது இதனால்தான். வானிலைத் துறையும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40-ஐத் தொடவேண்டும், கடலோரத்தில் 37 போதும். கூடவே இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். பாரன்ஹீட்டில் முதல் எல்லை 104. இரண்டாவது, தெர்மாமீட்டரில் சிவப்பு அம்புக்குறி நிற்கும் அதே 98.6. ஆக, சதமடித்த ஊரெல்லாம் வெப்ப அலையில் இல்லை. சதமடிக்காத கடலோர ஊர் வெப்ப அலையில் தவிக்கவும் கூடும். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டது. தலைப்பில் சதம் இல்லையே என்று மோர்ப் பானையை மறந்துவிடக் கூடாது.

2003 மே மாத இறுதியில் சென்னை 45 டிகிரியைத் தொட்டது. மேலே இருக்கும் பட்டியலின் கடைசி வரி அது: 113. அந்த நாளை அனுபவித்தவர்களுக்கு எந்த எண்ணையும் மாற்றிச் சொல்லத் தேவையில்லை.

இந்த இரண்டு அளவுகளில் எதை மறுக்க, எதை ஏற்க? கனடா 1975-இல் வானிலை அறிக்கைகளைச் செல்சியஸுக்கு மாற்றிக்கொண்டது. அங்கே சமையலறை அவன்கள் பலவும் இன்றும் பாரன்ஹீட்டில் சுடுகின்றன. அமெரிக்கா அன்றாட வாழ்வில் பாரன்ஹீட்டையே வைத்திருக்கிறது. மனிதர்கள் எண்ணைக் கற்பதில்லை, எண்ணோடு சேர்ந்த உணர்வைக் கற்கிறார்கள். என் அம்மாவுக்கு நூற்றிரண்டு என்பது இரவு முழுவதும் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நினைவு. முப்பத்தொன்பதுக்கு அப்படியொரு நினைவு அவளிடம் இல்லை. லைப்சிக்கில் வளரும் பாப்பா பெரியவளானால் அவளுக்கு முப்பத்தொன்பதுதான் அப்படி இருக்கும். இரண்டு தலைமுறைக்கும் நடுவே ஒரு சின்னப் பெருக்கல் மட்டுமே பாலமாக நிற்கிறது. அதைக் கற்றுவைத்துக்கொள்வது நல்லது.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள்: "அந்தக் கணக்கை எனக்கும் சொல்லிக் குடேன்." இரட்டிக்கவேண்டும், பத்தில் ஒரு பங்கு கழிக்கவேண்டும், முப்பத்திரண்டு கூட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டாள். மறுநாள் இரவு அக்கா அழைத்தபோது நான் வாய் திறக்கவில்லை.

"முப்பத்தேழு அஞ்சும்மா இப்ப."

அம்மா பென்சிலை எடுத்தாள். எழுபத்தைந்து. ஏழரை போனால் அறுபத்தேழரை. முப்பத்திரண்டைக் கூட்டினாள். "தொண்ணூத்தொம்பதரை" என்றாள், யாரிடமும் கேட்காமல். பிறகு நிதானமாக, "இறங்கிடுச்சுடி. கஞ்சி குடு, தூங்கட்டும்" என்றாள்.